ஊமையாகத் திரும்பிய மஸ்டாங்

திருட்டுப் போன கார் திரும்பி வந்துவிட்டது. அதுதான் புகார்.

"விளையாடறாரா இவரு?" என்று ஒடெட்டின் காதோரம் கேட்டேன்.

"ரூடி, வாயை மூடிட்டு வண்டியைப் பாரு."

ஒடெட் கிரேஞ்சர் என் முதலாளியம்மா. இருபது வருஷம் போலீஸ் உத்தியோகம் பார்த்துவிட்டு, மேலே இருந்தவர்களின் முட்டாள்தனம் பொறுக்காமல் வெளியே வந்து, டெட்ராய்ட்டுக்கு வடக்கே ஃபெர்ன்டேலில் ஒரு லாண்டரிக் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தவர். நான் ரூடி பலாஷ். தவணை தவறியவர்களின் கார்களை, அவர்கள் குளித்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துத் தூக்கி வருவது என் பழைய பிழைப்பு. அதனால் கார் காணாமல் போகிற விஷயங்களில் என் பேச்சுக்கு ஆபீசில் கொஞ்சம் மரியாதை உண்டு. மற்ற விஷயங்களில் கிடையாது.

மார்ச் மாதத் திங்கட்கிழமை. ஹேசல் பார்க்கில், சமையலறையோடு ஒட்டிக் கட்டிய ஒரு கார் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தோம். எதிரே ஒரு கரும்பச்சை மஸ்டாங். அதன் பக்கத்தில் காஸிமிர் டூடெக், எல்லாருக்கும் காஸ். எழுபது வயது. கார் கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். கைகள் இரண்டும் முறம் மாதிரி இருந்தன.

"செவ்வாய்க்கிழமை காலைல போச்சு," என்றார், தேவைக்கு மேல் உரக்க. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து பாத்தா இதே இடத்துல நிக்குது. பாட்டரி சார்ஜர் வயரைக்கூட மாட்டி வச்சுட்டுப் போயிருக்கான்."

"பூட்டு?" என்றார் ஒடெட்.

"நம்பர் அழுத்தினா திறக்கிற கதவு. என் பையன் நோலனோட பொறந்த நாள்தான் நம்பர். அவன் சிநேகிதனுங்க எல்லாருக்கும் தெரியும்."

"ஸ்டேஷன்ல என்ன சொன்னாங்க?"

"சிரிச்சானுங்க. 'பெரியவரே, வண்டியும் வந்தாச்சு, புது சைலன்சரும் போட்டுக் குடுத்திருக்கான். ஆள் கிடைச்சா சொல்லுங்க, எங்க வண்டியையும் ரெண்டு நாள் திருடச் சொல்றோம்'னானுங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

நோலன் அவருடைய ஒரே மகன். இருபத்தாறு வயது. பழுதான கார்களை ஏற்றிப் போகும் ரெக்கவரி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். போன ஏப்ரலில் நெடுஞ்சாலை ஓரத்தில் யாருடைய காரையோ லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த ஒரு டிரக் ஓரம் தவறி அவன்மேல் ஏறிவிட்டது. இந்த மஸ்டாங், எங்கோ இடிபட்டுக் கிடந்ததை அவன் எடுத்து வந்து மூன்று வருஷம் உட்கார்ந்து உயிர் கொடுத்த வண்டி. என்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் சூப்பர்சார்ஜரை வைத்தது அவன். அதற்கேற்ற பெரிய புகை பைப்பை வளைத்து வெல்டிங் வைத்ததும் அவன்தான்.

"வெல்டிங் அவனுக்கு வராது," என்றார் காஸ். "பல்லி எச்சம் மாதிரி கட்டி கட்டியா இருக்கும். நான் வச்சுத் தரேன்டான்னேன். கேக்கல. ஆனா சத்தம் இருக்கே மேடம், தெருமுனை திரும்பும்போதே நெஞ்சுக்குள்ள இடிக்கும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் அஞ்சு நிமிஷம் ஓட விடுவேன். உள்ள உக்காந்து கண்ணை மூடிக்குவேன். வந்துட்டான்னு இருக்கும். நேத்து சாவியைத் திருப்பறேன், ஒண்ணுமே இல்ல. எவனோ என் பையன் குரல்வளையை அறுத்துட்டுப் போன மாதிரி இருந்துது."

ஒடெட் குனிந்து வண்டியின் பின்புறத்தைப் பார்த்தார்.

"எவன் எடுத்தான்னுகூட எனக்கு வேண்டாம். அந்தப் பழைய பைப் வேணும். காயலாங்கடைக்குப் போயி உருக்கறதுக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுங்க. அவன் கையாலயே வளைச்சுச் செஞ்சதுன்னு எங்கிட்ட வேற எதுவுமே இல்ல."

நான் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கிவிட்டு அடியில் படுத்தேன். உடனே விசில் அடித்துவிட்டேன். அத்தனை அழகான வேலை. துருப்பிடிக்காத பைப், தையல் போட்டது போல் வரிசையான வெல்டிங், பின்னால் இரண்டு பெரிய சைலன்சர், போதாதென்று நடுவில் இன்னொன்று, சத்தத்தைத் திறந்து மூட வால்வுகள். அவையும் மூடிய நிலையிலேயே பூட்டியிருந்தன. வண்டியின் வயிறு துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருந்தது. எங்கள் ஊர் ரோடுகளில் ஏப்ரல் வரை பனி உருகப் போட்ட உப்பு வெள்ளையாகக் கிடக்கும். பத்து நிமிஷம் ஓட்டினாலே அடிப்பக்கமெல்லாம் அப்பிக்கொள்ளும். இங்கே ஒரு பொட்டு உப்பு இல்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்க சார்," என்றேன், எழுந்து வந்து.

பண்ணினார். சாப்பிட்டுப் படுத்த பூனை மாதிரி ஒரு முனகல். அதற்கு மேலே மெல்லிசாக ஒரு ஊதல்.

"பைப் சத்தம் அடங்கினதும் சூப்பர்சார்ஜர் விசில் அடிக்கறது எவ்வளவு சுத்தமா கேக்குது பாருங்க," என்றேன்.

"என்ன விசில்?" என்றார் காஸ்.

சமையலறைக் கதவில் அவர் மனைவி வந்து நின்றிருந்தார். லொரெய்ன். மெலிந்த அம்மாள், மெலிந்த குரல். "காஸ், காபி" என்று மூன்று முறை கூப்பிட்டார். காஸ் திரும்பவில்லை. கடைசியில் இறங்கி வந்து தோளைத் தொட்டார். ஒடெட் அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காபியோடு, ஜாம் வைத்துப் பொரித்த பூன்ச்கி ரொட்டி இரண்டும் வந்தது. ஒரு வாரம் பழையது. இருந்தாலும் நான் விடவில்லை.

"செவ்வாய்க்கிழமை காலைல வீட்ல யாரும் இல்லையா?" என்றார் ஒடெட்.

"தவக்காலத்துக்கு முந்தின நாள் இல்லையா, ஹாம்ட்ராமிக் பேக்கரில பூன்ச்கி வாங்க வரிசைல நின்னோம். ரெண்டு பேரும். நாலு மணி நேரம்."

"வெள்ளிக்கிழமை?"

"சர்ச் ஹால்ல மீன் விருந்து. எனக்கு மீன் ஆகாது, போறதேயில்ல. இந்த வருஷம் வந்தே ஆகணும்னு இவதான் இழுத்துட்டுப் போனா."

லொரெய்ன் காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

எங்கள் காரில் ஏறியதும் சொன்னேன். "பாஸ், திருடன் ரொம்ப பக்திமான். சர்ச் காலண்டரைப் பாத்து வேலைக்கு வந்திருக்கான். தவக்காலத்துல திருட மாட்டேன்னு முந்தின நாளே எடுத்துட்டான் போல."

"உளறாம, அடியில என்ன பாத்தேன்னு சொல்லு."

"உப்பு இல்ல. மைல் மீட்டர் நகரவே இல்ல. டயர் நாலுலயும் பெல்ட் போட்டுக் கட்டின தடம். அப்போ லாரி முதுகுல ஏத்திட்டுப் போயிருக்கான். அதுவும் கொக்கியைச் சட்டத்துல மாட்டி இழுக்காம, டயரைச் சுத்திப் பெல்ட் கட்டி, கொழந்தையைத் தூக்கற மாதிரி. நான் ஆயிரம் வண்டி தூக்கியிருக்கேன் பாஸ். ஒண்ணுக்காவது அந்த மரியாதை குடுத்திருப்பேனா?"

"அது வண்டிக்குக் குடுத்த மரியாதை இல்லடா," என்றார் ஒடெட். "செத்துப்போனவனுக்குக் குடுத்தது. நோலன் வேலை பார்த்த லாரி ஷெட்டுக்கு விடு."

ஷெட்டில் ஐந்து லாரிகள் நின்றன. ஒன்றின் கண்ணாடிக்குள் நோலனின் புகைப்படம் செருகியிருந்தது. அந்த லாரிக்காரனின் பெயர் ரெஜி ஸ்பிவி. கதவு நிறைய ஆள். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்தான். சுத்தமாக இருந்த கையை எதற்குத் துடைக்க வேண்டும்?

"நோலன் வண்டியா? எனக்கு ஒண்ணும் தெரியாதே," என்றான், நாங்கள் கேட்பதற்கு முன்பே.

"நாங்க இன்னும் வாயே திறக்கலையே தம்பி," என்றார் ஒடெட்.

"நாங்க வழி கேக்கக்கூட வந்திருக்கலாம்," என்றேன் நான். "பாத்ரூம் எங்கன்னு கேக்க வந்திருக்கலாம். நீயா எடுத்துக் குடுக்கறே பாரு, உன்னை வச்சுக்கிட்டு எவனும் ஒரு கோழியைக்கூடத் திருட முடியாது."

ரெஜி லாரியின் படியில் உட்கார்ந்தான். அந்தப் பெரிய உடம்பு திடீரென்று சின்னதாகிவிட்டது.

"நான்தான் எடுத்தேன். திருடல. அது நோலனோட ஆசை. நல்ல பைப் மாட்டணும்னு சொல்லிக்கிட்டே இருப்பான். அதான் யல்டூவோட சைலன்சர் கடைக்கு எடுத்துட்டுப் போய் மாட்டிட்டு, கொண்டுபோய் விட்டுட்டேன்."

"அவங்க அப்பாகிட்டக் கேட்டிருக்கலாமே?"

"அவரு ஒத்துக்க மாட்டாரு மேடம்." தலையைக் குனிந்துகொண்டான். "நோலன் செத்த அன்னிக்கு அந்த டியூட்டி என்னோடது. எனக்குப் பல்லுவலி. போய் டாக்டரைப் பாருடா, நான் போறேன்னான். நாலு மணி நேரம் கழிச்சு போன் வருது. ஒரு பல்லுக்காக, மேடம். அந்த வீட்டுல யாரு என்ன கேட்டாலும் என்னால இல்லேன்னு சொல்ல முடியாது."

ஒடெட் அவன் தோளில் கை வைத்தார். நான் கேலி செய்து பிழைக்கிறவன். சில இடங்களில் என் பிழைப்பு செல்லாது.

"பழைய பைப் எங்க?" என்றார் ஒடெட் மெதுவாக.

"யல்டூகிட்ட இருக்கு."

காரில் ஏறியதும் கையைத் தட்டினேன். "கேஸ் முடிஞ்சுது பாஸ். செத்தவனோட ஆசையை சிநேகிதன் நிறைவேத்தியிருக்கான். எனக்கே அழுகை வருது. பைப்பை வாங்கிக் குடுத்துட்டு சாப்பிடப் போலாம்."

"நோலன் ஏற்கனவே தான் ஆசைப்பட்ட பைப்பைத்தான் மாட்டியிருந்தான். தானே வளைச்சு, தானே வெல்டிங் வச்சு," என்றார் ஒடெட். "நெஞ்சை இடிக்கற சத்தத்தைத் தேடிச் செஞ்சவன், பூனை மாதிரி முனகற சைலன்சருக்கா ஆசைப்படுவான்? அது ஒண்ணு. 'அந்த வீட்டுல யாரு என்ன கேட்டாலும்'னான் பையன். அப்போ யாரோ கேட்டிருக்காங்க."

எனக்குப் பசி போய்விட்டது.

சபா யல்டூவின் சைலன்சர் கடை ஜான் ஆர் சாலையில் இருக்கிறது. ஈராக்கிலிருந்து சின்ன வயதில் வந்தவர். வாயில் அணைந்த சுருட்டு. யார் வந்தாலும் முதலில் டீ, அப்புறம்தான் பேச்சு.

"அந்தப் பச்சை மஸ்டாங்கா?" சுருட்டை எடுத்துவிட்டுச் சிரித்தார். "அதை ஏன் கேக்கறீங்க அக்கா. இருபத்திரெண்டு வருஷமா கடை வச்சிருக்கேன். சூப்பர்சார்ஜர் வச்ச வண்டியை எடுத்துட்டு வர்றவன் எல்லாம் கேக்கறது ஒண்ணுதான். சத்தம் வேணும். பக்கத்துத் தெருக் கொழந்தை முழிச்சுக்கணும். என்ஜின் மூச்சு விடறதுக்குப் பெரிய பைப் போடு, சைலன்சரைத் தூக்கிக் கடாசுன்னுவான். மொத தடவையா ஒருத்தன் வந்து, பெரிய பைப்பே போடு, நல்ல பைப்பா போடு, வண்டிக்கு ஒரு குறையும் வரக்கூடாது, ஆனா சத்தம் மட்டும் வெளிய வரக்கூடாதுங்கறான். கஷ்டமான வேலை. மூணு நாள் ஆச்சு."

"ரெஜி சத்தத்தைக் கேட்டுத் திருப்தியாயிட்டானா?"

"அதுதான் வேடிக்கை!" யல்டூ எழுந்தே விட்டார். "எவனா இருந்தாலும் வண்டிக்குப் பின்னாடி நின்னு கேப்பான், இல்ல டிரைவர் சீட்டுல உக்காந்து கேப்பான். இவன் என்ன பண்ணான் தெரியுமா? என்னை வண்டியில உக்கார வச்சு ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு, ஆபீஸ் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டான். சுவத்துல காதை வச்சுக் கேக்கறான்! 'இன்னும் கேக்குதுண்ணே, இன்னொரு சைலன்சர் போடு'ங்கறான். நடுவுல இருக்கே, அது அப்படி வந்ததுதான். நாலாவது தடவை வெளிய வந்து, 'இப்ப கேக்கல'ன்னான். சொல்லிட்டு அழறான் அக்கா, அந்த மலை மாதிரி ஆளு."

ஒடெட் டீ டம்ளரைக் கீழே வைத்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. காரை நேசிப்பவன் காரின் பின்னால் நின்று கேட்பான். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்பது யார்? சுவருக்கு அந்தப் பக்கம், சமையலறையில் இருப்பவர்கள்தான்.

"பழைய பைப்பை எடுத்துட்டு வாங்க," என்றார் ஒடெட்.

யல்டூ பின்னாலிருந்து ஒரு நீள மூட்டையைத் தூக்கி வந்தார். குழந்தைகள் போர்த்திக்கொள்ளும் ஒரு போர்வையில் சுற்றியிருந்தது. ஹாக்கி விளையாடும் கரடிப் படங்கள். வெளுத்துப் போயிருந்தது. ஓரம் கிழிந்த இடத்தில் கையால் தைத்திருந்தது.

"ரெஜி குடுத்தது. இதுல சுத்தி பத்திரமா வை, ஒரு கீறல் படக்கூடாதுன்னான்."

இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு குழந்தையின் போர்வை எந்த லாரிக்காரனிடமும் இருக்காது. அதைச் சலவை செய்து, மடித்து, அலமாரியில் வைத்திருந்தவர் ஒருவர்தான்.

பைப்பைக் காரின் பின்னால் வைத்தேன். "பாஸ், ஒண்ணு சொல்லட்டுமா? எவன் எடுத்தான்னு வேண்டாம், பைப் போதும்னாரு பெரியவர். குடுத்துட்டுப் போயிருவோம். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவுல நாம எதுக்கு?"

"குடுத்தா என்ன பண்ணுவாரு?"

"மறுபடி மாட்டுவாரு."

"அடுத்த ஞாயித்துக்கிழமை?"

வண்டியை ஹேசல் பார்க்குக்குத் திருப்பினேன்.

காஸ் வெளியே, வாசலில் கிடந்த பழைய பனியை மண்வெட்டியால் வாரிக்கொண்டிருந்தார். நாங்கள் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் போனோம். லொரெய்ன் எங்களைப் பார்த்தார். பிறகு ஒடெட்டின் கையிலிருந்த கரடிப் போர்வை மூட்டையைப் பார்த்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ரெஜியை ஒண்ணும் பண்ணிராதீங்க. நான்தான் கேட்டேன்."

"யாரும் யாரையும் ஒண்ணும் பண்ணப் போறதில்லம்மா," என்றார் ஒடெட்.

லொரெய்ன் சுவரைக் காட்டினார். அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவர். அதற்கு அந்தப் பக்கம்தான் கார் ஷெட்.

"அவன் எப்பவும் நேரங்கெட்ட நேரத்துலதான் வேலை முடிஞ்சு வருவான். தெருமுனைல அந்தச் சத்தம் கேட்டதும் நான் அடுப்பைப் பத்த வைப்பேன். ஷெட்டுக்குள்ள வந்து நிக்கும்போது முட்டை வாணலில இருக்கும். சத்தம் நிக்கும், கதவு திறக்கும், உள்ள வருவான். ஆறு வருஷம் அப்படி." முந்தானை மாதிரித் தொங்கிய மேலங்கியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டார். "இப்ப ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அந்தச் சத்தம் வருது. எனக்குத் தெரியும், அவன் இல்லேன்னு. தெரிஞ்சும் என் கை முட்டையை எடுக்குது. ஒரு தடவை உடைச்சே ஊத்திட்டேன். அப்புறம் சத்தம் நிக்கும். நான் கதவையே பாத்துட்டு நிப்பேன். திறக்காது. இவரும் வர மாட்டாரு. ஒரு மணி நேரம், ஒண்ணரை மணி நேரம் அந்த வண்டிக்குள்ளேயே உக்காந்திருப்பாரு. பதினோரு மாசமா வாரா வாரம் என் பிள்ளையை நான் பொதைக்கிறேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இதை அவர்கிட்டச் சொல்லலையா?" என்றார் ஒடெட்.

"சொல்லாம இருப்பேனா? எத்தனை தடவை! படுக்கையில சொன்னேன். சர்ச்சுக்குப் போகும்போது கார்ல சொன்னேன். வேண்டாம், என்னால தாங்க முடியலன்னு சொன்னேன். கேட்டுட்டு, சரிங்கற மாதிரி தலையை ஆட்டுவாரு. ஞாயித்துக்கிழமை வந்ததும் மறுபடி சாவியைத் திருப்புவாரு. எனக்காக இதைக்கூட விட மாட்டேங்கறாரேன்னு..." அவர் குரல் உடைந்தது. "கோவத்துலதான் பண்ணேன். சத்தியமா சொல்றேன், கோவத்துல. ஆனா அந்தப் பைப்பைத் தூக்கிப் போட மனசு வரல."

ஒடெட் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்படிச் சொன்னீங்க? இப்ப எங்கிட்டச் சொல்ற மாதிரி, இதே குரல்லயா?"

"இதென்ன சத்தம் போட்டுச் சொல்ற விஷயமா?"

"அம்மா, அந்த வண்டில சூப்பர்சார்ஜர் விசில் அடிக்குது. எனக்குக் கேட்டுது. ரூடிக்குக் கேட்டுது. உங்க வீட்டுக்காரர் 'என்ன விசில்'னு கேட்டாரு. நீங்க மூணு தடவை காபிக்குக் கூப்பிட்டீங்க, திரும்பவே இல்ல. முப்பத்தெட்டு வருஷம் பிரஸ் ஷாப்புல நின்ன காது. இடி மாதிரி சத்தம்னா கேக்கும். மெல்லிசான குரல் கேக்காது."

"கொஞ்சம் மந்தம்னு தெரியும். ஆனா தலையை ஆட்டுவாரே..."

"எங்க மாமாவும் பிரஸ் ஷாப்புதான்," என்றேன் நான். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அங்க யாரு பேசினாலும் எவனுக்கும் கேக்காது. ஒவ்வொரு தடவையும் என்ன என்னன்னு கேட்டா வேலை நடக்காதுன்னு எல்லாரும் தலையை ஆட்டிருவாங்க. ரிட்டயர் ஆனப்புறமும் அந்தப் பழக்கம் போகாதும்மா. எங்க மாமாகிட்ட அத்தை விவாகரத்து வேணும்னு கேட்டாங்க. அதுக்கும் தலையை ஆட்டினாரு."

யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

லொரெய்ன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பதினோரு மாதமாகத் தன் வேண்டுதலை மதிக்காத மனிதர் என்று யாரை நினைத்துக்கொண்டிருந்தாரோ, அவருக்கு அந்த வேண்டுதல் போய்ச் சேரவே இல்லை.

கதவு திறந்தது. காலில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே காஸ் உள்ளே வந்தார். எங்களைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த போர்வையைப் பார்த்தார். ஒரே எட்டில் வந்து அதைப் பிரித்தார். உள்ளே அந்தப் பைப். கட்டி கட்டியான வெல்டிங். கட்டைவிரலால் ஒவ்வொரு கட்டியாகத் தடவிக்கொண்டே போனார். எண்ணுகிற மாதிரி இருந்தது. கண்ணீர் மூக்கு நுனியில் வந்து நின்றது. துடைக்கவில்லை.

"எங்க இருந்துது?" என்றார். பிறகு போர்வையைக் கையில் எடுத்துப் பார்த்தார். அது எந்த அலமாரியில் இருந்த போர்வை என்று அவருக்குத் தெரியாதா? மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினார். "நீயா?"

லொரெய்ன் ஏதோ முணுமுணுத்தார். காஸின் தலை ஆடத் தொடங்கியது.

"சத்தமா சொல்லுங்க," என்றார் ஒடெட்.

"என்னால முடியாது."

"முடியணும்மா. அவருக்குக் கேக்கணும்னா வேற வழியில்ல."

அந்த மெலிந்த அம்மாள் எழுந்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. அடுத்த வீட்டு நாய் குரைக்கும்படி கத்தினார்.

"சத்தம் வருது காஸ்! அவன் வரல! சத்தம் மட்டும்தான் வருது! நீயும் உள்ள வர மாட்டேங்கறே! என்னால முடியல!"

காஸ் அடிபட்டவர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார். பைப் மடியில் கிடந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே! நீ தலையை ஆட்டினியே!"

"நான் எல்லாத்துக்கும் தலையை ஆட்டுவேன், லொரெய்ன்," என்றார் அவர். "உனக்குத் தெரியாதா? முப்பத்தெட்டு வருஷமா ஆட்டிக்கிட்டிருக்கேன். நீ பேசறது எனக்கு எப்ப கேட்டுது? கேக்கலேன்னு சொல்ல வெக்கமா இருந்துது. அந்த வண்டி ஒண்ணுதான் எனக்கு ஒழுங்காக் கேட்டுது."

ஒடெட் எனக்குக் கண் காட்டினார். நாங்கள் கதவுப் பக்கம் நகர்ந்தோம். புகார் கொடுத்தவருக்குப் பொருள் கிடைத்துவிட்டது, எடுத்தது யார் என்றும் தெரிந்துவிட்டது. அதற்கு மேல் அங்கே எங்களுக்கு வேலை இல்லை. இருந்தாலும் என் கால் தயங்கியது. அந்தப் பைப்பை அவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரியாமல் எனக்குப் போக மனமில்லை.

லொரெய்ன் அவர் எதிரே உட்கார்ந்து, பைப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். பழக்கம் யாரை விட்டது, குரல் மறுபடி பழையபடி தணிந்துவிட்டது. உதடு அசைந்தது தெரிந்தது. எனக்கே பாதிதான் கேட்டது. பைப்பை மாட்டிக்கோ என்றோ, உள்ளே வா என்றோ, எதையோ கேட்டார்.

காஸ் அவர் முகத்தையே பார்த்தார். தலை ஆடத் தொடங்கி, பாதியில் நின்றது.

"கேக்கல," என்றார். "இன்னொரு தடவை சொல்லு."